தன்னைத்தானே அணைத்துக்கொண்ட மெழுகுவர்த்தி

அத்தியாயம் ஐந்து

விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து துரைக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் பசி என்று அர்த்தம். பேசினால் கோபம் என்று அர்த்தம். இந்த இரண்டையும் விட்டால் மூன்றாவதாக ஒரு துரைக்கண்ணுவை, அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த நாள் முதல் செண்பகம் பார்த்தது கிடையாது.

"விக்கிரவாண்டியில வண்டி நிக்கும் சார். வடை வாங்கியாரட்டுமா?"

"துப்பறியப் போறமா, வடை துன்னப் போறமா?"

'சரி, கோவம்' என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துரைக்கண்ணு ரயில்வே போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை மாடியில் 'துரைக்கண்ணு துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியிருக்கிறார். செண்பகம் அதற்கு முன் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். "இந்தப் புடவையில சாயம் போவுமா?" என்று கேட்ட ஒரு அம்மாளிடம், "போவும். ஆனா வெளிய எங்கியும் போவாது, உங்க உள்பாவாடையிலயே நிக்கும்" என்று உண்மையைச் சொன்னாள். அன்றைக்கே முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நேற்று அந்த மாடிப்படியில், ரயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் இருதயராஜ் வந்து உட்கார்ந்து அழுதான்.

"திண்டிவனத்துல எங்க அக்கா இருக்காங்க சார். சவுரியம்மாள்னு பேரு. புருஷன் இல்லாதவங்க. தையல் வேலை. நேத்து சாயங்காலம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல வூட்டுக்குப் பின்னால இருந்த ஓலைச் சார்ப்பு பத்திக்கினு எரிஞ்சிடிச்சி. தையல் மிஷினு அதுலதான் இருந்துச்சி. மாதாவுக்கு ஏத்தி வெச்ச மெழுகுவத்தியாலதான் தீப் புடிச்சிதுன்னு வூட்டுக்காரரு சொல்றாரு. எஸ்.ஐ.யும் சொல்றாரு. தெருவே சொல்லுது. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சாமானைத் தூக்கிக்கினு போயிடணுமாம். இல்லாட்டி ஸ்டேஷனுக்கு இழுத்துக்கினு போவாங்களாம்."

"உங்க அக்கா இன்னா சொல்றாங்க?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "அவங்களும் அதையேதான் சார் சொல்றாங்க."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் துரைக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

"நான் பண்ணலைன்னு சொல்றவங்களைக் காப்பாத்தலாம் சார்," என்றாள் செண்பகம், மயிலம் ரோடு தாண்டும்போது. "நான்தான் பண்ணேன்னு சொல்றவங்கள எப்படி சார் காப்பாத்தறது?"

"வாய மூடிக்கினு வந்தா தெரியும்."

திண்டிவனத்தில் இறங்கி, தெருமுனைப் பெட்டிக்கடையில் வழி கேட்டார்கள். கடைக்காரர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"கொளுத்துனவ வூடா? நேராப் போங்க. கரி நாத்தம் எங்க வருதோ அங்க நில்லுங்க."

"ரொம்ப நல்லாருங்க அண்ணே," என்றாள் செண்பகம். "உங்க கடையில நாத்தம் வந்தா எந்தப் பக்கம்னு நாங்களும் சொல்லி அனுப்பறோம்."

வீடு எது என்று கண்டுபிடிக்க கரி வாசனை தேவைப்படவில்லை. சத்தமே போதுமாக இருந்தது.

முன்னால் பெரிய ஓட்டு வீடு, வீட்டுக்காரர் விருத்தாசலத்தினுடையது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போனால் ஒற்றை அறை ஓட்டு வீடு ஒன்று, சவுரியம்மாள் குடியிருப்பது. அந்த அறையின் பின்சுவரை ஒட்டித்தான் ஓலைச் சார்ப்பு இருந்திருக்கிறது. இப்போது நாலு கரிக்கட்டைக் கம்பங்களும் சாம்பலும்தான். சாம்பல் நடுவில் தையல் மிஷின், மரம் முழுக்கக் கருகிப்போய் இரும்பு மட்டும் எலும்பு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

கொல்லையில் சட்டி, பானை, துணி மூட்டை, பாய் எல்லாம் வாரிக் கொட்டப்பட்டிருந்தன. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் தரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். சவுரியம்மாள்தான். அவளுக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரின் மனைவி கிருஷ்ணவேணி தொண்டை கிழிய ஏசிக்கொண்டிருந்தாள்.

"எரிய விட்டுட்டுப் போனவளுக்கு இன்னாத்துக்குடி வூடு? எங்க ஓட்டுல புடிச்சிருந்தா நாங்க எங்க போவோம்? கட்டு மூட்டைய!"

மதிலுக்கு அந்தப் பக்கம் தெருப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சவுரியம்மாள் இருந்த திசையில் எச்சில் துப்பினாள். எல்லார் தலையிலும் கனகாம்பரம். கிருஷ்ணவேணியின் கொல்லையில் ஓரமாகப் பாத்தி கட்டிக் கனகாம்பரம் பூத்துக் கிடந்தது. தெரு முழுக்க அங்கிருந்துதான் பூ போகும் போலிருக்கிறது.

விருத்தாசலம் கருகிய பின்சுவர் ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறையின் ஒரே ஜன்னல் அந்தச் சுவரில்தான் இருந்தது. அதன் ஒற்றைக் கதவு வெளிப்பக்கம் முழுசாகத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தோளில் துண்டை அகலமாகப் பரப்பிக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"யாருய்யா நீங்க?"

"துரைக்கண்ணு. விழுப்புரம். இந்த அம்மாவோட தம்பி அனுப்பினாரு. விசாரிக்க வந்திருக்கோம்."

"விசாரிக்கிறதுக்கு இன்னா இருக்குது? அவளே ஒத்துக்கினா. நீ இன்னா கோர்ட்டா?"

"கோர்ட்டு இல்லீங்க," என்றாள் செண்பகம். "அதுக்கு முன்னாடி வர்ற வெயிட்டிங் ரூமு."

"இன்னாம்மா, வாய் நீளுது?"

"ஜவுளிக்கடையில துணி அளந்த வாயிங்க. அப்படித்தான் நீளும்."

சந்துக்குள் புல்லட் சத்தம் கேட்டது. எஸ்.ஐ. தேவநாதன் இறங்கி வந்தார். விருத்தாசலம் முக்காலியிலிருந்து எழவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனார். 'எஸ்.ஐ.க்கே எழுந்துக்க மாட்டேங்கிறாரே, அந்த ஜன்னலுக்கு இவர்தான் முட்டுக் குடுக்கிறாரா?' என்று நினைத்துக்கொண்டாள் செண்பகம்.

எஸ்.ஐ. துரைக்கண்ணுவைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"ரயில்வே ஏட்டையா! இங்க தண்டவாளம் எதுவும் ஓடலையே? வழி தவறி வந்துட்டீங்களா?"

"வத்தியைப் பாத்துட்டுப் போயிடறேன் சார்."

"பாருங்க, நல்லாப் பாருங்க. ஜல்தியா பாருங்க. நான் கம்ப்ளெயிண்ட் வாங்கத்தான் வந்திருக்கேன். இந்தம்மா மூட்டை கட்டலேன்னா ஜீப்பு வரும்."

அறைக்குள் இருட்டாக இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பலகை. அதன் மேல் வேளாங்கண்ணி மாதா படம். படத்துக்கு ரோஸ் கலர் கிரேப் காகிதத்தில் செய்த பூமாலை. முன்னால் ஒரு தட்டில் மணல் பரப்பி, அதில் ஒரு தடித்த மெழுகுவர்த்தி. வேளாங்கண்ணியிலிருந்து தம்பி வாங்கி வந்ததாம். முழங்கை நீளத்தில் இருந்திருக்கும். பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருந்தது.

தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் ஒரு பித்தளை டம்ளரும் இருந்தன.

"இது எதுக்கும்மா? தையலுக்கா?" கத்தரிக்கோலைக் காட்டிக் கேட்டார் துரைக்கண்ணு.

சவுரியம்மாள் முதல்முறையாக நிமிர்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரலில் மட்டும் கொஞ்சமும் பணிவு இல்லை.

"தையல் கத்தரிக்கோலை யாராவது திரி வெட்ட வெப்பாங்களா? அது வத்திக்குன்னே வெச்சிருக்கிறது. ஏத்தறதுக்கு மின்னாடி கருந்திரியக் கிள்ளிடுவேன். திரி நீட்டமா இருந்தா ஜோதி எகிறும், பொகையும், மாதா மொகத்துல கரி படியும்."

"டம்ளரு?"

"அணைக்கிறதுக்கு. மேல கவுத்தா தானா அடங்கிடும். வாயால ஊதுனா மெழுகு தெறிச்சி படத்துல புள்ளி புள்ளியா வுழும்."

"இந்தப் பக்கத்துல ஜன்னல் இருக்குதே. காத்து அடிக்காதா?"

"ஏத்துனா ஜன்னலைச் சாத்திடுவேன். காத்துல எரிஞ்சா ஒரு பக்கமாவே அழுவும். நாலு நாளு வர்ற வத்தி ஒரு நாள்ல பூடும். மேல சுத்தி வர உருகி கொளம் மாதிரி நிக்கணும். அப்பத்தான் அணைக்கணும். அதுக்குள்ள அணைச்சா நடுவுல மட்டும் கெணறு தோண்டிக்கினு போவும்."

செண்பகம் வாயைப் பிளந்தாள். "எங்க வூட்டுல கரண்ட் போனா தரையில ரெண்டு சொட்டு வுட்டு நட்டு வெப்போம். அதோட சரி."

"அதான் உங்க தரையெல்லாம் மெழுகா இருக்கும்."

"இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணுற நீ," என்றார் துரைக்கண்ணு, "அன்னிக்கு எப்படிம்மா விட்டுட்டுப் போனே?"

சவுரியம்மாள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். "கோயில்ல மணி அடிச்சிட்டாங்க. மாதா திருநாள் வருது, நவநாள் ஜெபம். அவசரத்துல ஓடிட்டேன். பாதி வழியிலதான் அணைக்கலைன்னு ஞாபகம் வந்துச்சி. திரும்பி வரலாமான்னு நெனைச்சேன். வரல. ஜன்னலைச் சாத்துனனான்னு கூட இப்ப ஞாபகம் இல்ல. மாதாவுக்கு ஏத்துன வத்தியே என் மிஷினை எரிச்சிடிச்சி. நான் பண்ணதுதான். இன்னாத்துக்கு விசாரிக்கிறீங்க? என்னை வுட்டுடுங்க. போயிடறேன்."

"கேட்டீங்களா?" வாசலில் நின்ற எஸ்.ஐ. கையை விரித்தார். "போதுமா ஏட்டையா?"

"போதாது சார். ஒரு சந்தேகம். இந்த வத்தியிலதான் தீப் புடிச்சிது. சரி. சார்ப்பு சாம்பலாவற வரைக்கும் எரிஞ்சிது. அதுவும் சரி. கொளுத்துன வத்தி மட்டும் ஏன் பாதியிலயே நின்னு போச்சி? தானே தன்னை அணைச்சிக்கினு, தூங்கப் போயிடிச்சா?"

எஸ்.ஐ. கொஞ்சம் முறைத்தார். "தீயணைக்கத் தண்ணி ஊத்தனாங்கல்ல. அதுல அணைஞ்சிருக்கும்."

செண்பகம் காகிதப் பூமாலையைத் தொட்டுப் பார்த்தாள். "சாயம் போற விஷயத்துல எனக்கு அனுபவம் உண்டு சார். கிரேப் காகிதத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், ரோஸ் கலரு சுவர் முழுக்க ஒழுகும். இது புதுசு மாதிரி இருக்குது. இங்க தண்ணியே வரல."

"அப்ப காத்துல அணைஞ்சிருக்கும்."

"அந்தம்மா சொன்னதைக் கேக்கலையா நீங்க?" துரைக்கண்ணு தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "காத்துல எரிஞ்சிருந்தா ஒரு பக்கமா வழிஞ்சிருக்கணும். பாருங்க. சுத்திலும் ஒரே மட்டம், கொளம் மாதிரி ஒறைஞ்சி நிக்குது. இது எரியற வரைக்கும் ஜன்னல் சாத்தியிருந்திச்சி சார்."

"ஜன்னல் ஆன்னு தொறந்து கெடந்துச்சிய்யா!" வெளியிலிருந்து விருத்தாசலம் கத்தினார். "நான்தான் மொதல்ல உள்ள போனேன். என் கண்ணால பாத்தேன். அதுவழியாத்தான் ஓலையில புடிச்சிது!"

எஸ்.ஐ. விடவில்லை. "இவளே ஊதி அணைச்சிட்டுப் போயிருந்தா?"

"ஊதுனா தெறிக்கும்னாங்களே. படத்துல ஒரு புள்ளி கெடையாது," என்றாள் செண்பகம். பிறகு குனிந்தவள் அப்படியே நின்றாள். "சார். வத்தி பூ வெச்சிக்கினு இருக்குது."

தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி துரைக்கண்ணுவிடம் கொடுத்தாள். அவர் மெதுவாகக் கிளறினார். திரியின் அடியில், உறைந்த மெழுகுக்குள், சுருங்கிப்போன ஒரு பூ. பாதி கருப்பு. பாதி இன்னும் ஆரஞ்சு நிறம்.

கனகாம்பரம்.

"உன்னுதாம்மா?"

"நான் பூ வெச்சே வருஷம் ஆவுது," என்றாள் சவுரியம்மாள்.

துரைக்கண்ணு கொல்லைக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "இந்தம்மா போனப்புறம் வேற ஒரு ஆளு உள்ள வந்திருக்காங்க. வத்தியை அணைச்சிருக்காங்க. அணைச்ச ஆளுதான் வெளிய வந்து சார்ப்பைக் கொளுத்தியிருக்கணும்!"

செண்பகம் அவர் காதருகே போனாள். "சார், கொளுத்த வர்ற ஆளு கையில கெடச்ச நெருப்பை எதுக்கு சார் அணைக்கணும்? தீப்பெட்டி மிச்சம் பண்றதுன்னா இருக்கிற வத்தியிலயே கொளுத்தலாமே."

"நீ சும்மா இரு."

எஸ்.ஐ. வாய்விட்டுச் சிரித்தார். "ஏட்டையா, மதிலுக்கு மேல பாருங்க. எல்லார் தலையிலயும் அதே பூ. மொத்தத் தெருவையும் ஜீப்புல ஏத்தட்டுமா? ஒரு பூவை வெச்சிக்கினு கேஸ் நடத்தறீங்க! போதும்யா பேஜாரு. யம்மா, மூட்டையக் கட்டு."

சவுரியம்மாள் துணி மூட்டையைத் தூக்கினாள். கிருஷ்ணவேணி மறுபடி ஆரம்பித்தாள். முன்னைவிடச் சத்தமாக. துரைக்கண்ணு கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது தோற்றுப்போன துடைப்பு.

செண்பகம் கிருஷ்ணவேணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் இவள் ஒருமுறைகூட மெழுகுவர்த்தி இருந்த அறைப் பக்கம் திரும்பவில்லை. பூ என்று துரைக்கண்ணு சொன்னபோது மதிலில் இருந்த அத்தனை பெண்களும் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். இவள் மட்டும் தொடவில்லை.

"மூட்டை அப்படியே இருக்கட்டும்க்கா," என்றாள் செண்பகம் சவுரியம்மாளிடம். "புது வத்தி ஒண்ணு வெச்சிருக்கீங்களா? சார் ஒரு சோதனை பண்ணணும்னாரு."

"நான் எங்க சொன்னேன்?" என்றார் துரைக்கண்ணு.

"சொல்வீங்க சார்."

சாமான் குவியலிலிருந்த ஒரு பெரிய குண்டானைக் காற்று அடிக்கும் பக்கமாகச் சாய்த்து வைத்தாள். அதன் மறைவில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி நட்டாள். அதற்கு ஒரு சாண் தள்ளி, குவியலிலிருந்து பிதுங்கிக்கொண்டிருந்த பழைய புடவை ஒன்றின் முந்தானையைத் தளர்த்தி விட்டாள். பிறகு நேராகக் கிருஷ்ணவேணிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க்கா, இவ்வளவு கத்தறீங்களே, ஜாக்கெட்டு கை கிழிஞ்சிடப் போவுது. யாரு தெச்சது? அளவெடுத்துத் தெச்சாங்களா, பக்கத்து வூட்டுப் பாப்பாவுக்குத் தெச்சதா?"

கிருஷ்ணவேணிக்கு முகம் சிவந்தது. "ஆங்! அதையும் கேளு! இவதான் தெச்சா! கை தூக்க முடியுதா பாரு! சனிக்கெழம அதைக் கேட்டு நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கலாம்னுதான்..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"கேக்கலாம்னுதான்?"

"கேக்கலாம்னு இருந்தேன்! உனக்கு இன்னாடி வந்துச்சி? நேத்து வந்தவ எங்க தெருவுல வந்து என் ஜாக்கெட்டைப் பத்திப் பேசறியா?"

"பேசாம எப்படி? தெரியுதுல்ல."

"ஐயோ! கேளுங்கடி இவ வாய! விழுப்புரத்துல இருந்து கூலிக்கு ஆளைப் புடிச்சிக்கினு வந்திருக்கா பாரு அந்தச் சவுரி..." கிருஷ்ணவேணி ஏசிக்கொண்டே குவியலைச் சுற்றி சவுரியம்மாளை நோக்கிப் போனாள். "எரிச்சதுமில்லாம ஆளு வேற! நீயெல்லாம் சாமி கும்புடற பொம்பளையா? ஒரு வத்தியைப் பாத்துக்கத் துப்பில்ல..."

காற்று கொஞ்சம் அடித்தது. புடவை முந்தானை எழுந்து சுடர்ப் பக்கம் சாய்ந்தது.

"...வூட்டுல நெருப்பை ஏத்தி வெச்சிட்டு ஜெபத்துக்குப் போறாளாம் ஜெபத்துக்கு..."

ஏசல் நிற்கவில்லை. ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. பேசிக்கொண்டே கிருஷ்ணவேணியின் இடது கை புடவையை விலக்கியது. வலது கை தானாகத் தலைக்குப் போனது. கொண்டையிலிருந்து நாலு கனகாம்பரத்தைக் கிள்ளி, திரியின் மேல் மெதுவாக வைத்து அழுத்தியது. சுடர் மெழுகுக்குள் அமிழ்ந்தது. ஒரு சொட்டு தெறிக்கவில்லை.

"...போறாளாம்..."

அப்புறம்தான் அவள் தன் கையைப் பார்த்தாள்.

மதிலில் இருந்த பெண்களும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"நம்ம வூடுங்கள்ல வெளக்கை வாயால ஊத மாட்டாங்க சார்," என்றாள் செண்பகம் எஸ்.ஐ.யிடம். குரலில் இப்போது கிண்டல் இல்லை. "பூவால அமுக்கித்தான் அணைப்பாங்க. சாமி வெளக்குன்னு மரியாதை. பக்கத்துல டம்ளரு இருந்தும் பூவால அணைச்சாங்கன்னா, அது கொளுத்த வந்த கை இல்ல. எங்க புடிச்சிக்கப் போவுதோன்னு பயந்த கை."

"ஏய்!" விருத்தாசலம் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "உள்ள போடி! உள்ள போ! ஒரு வார்த்தை பேசுனே..."

கையை ஓங்கிக்கொண்டு மனைவியை நோக்கிப் பாய்ந்தார். துரைக்கண்ணு குறுக்கே போய் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார். வயசானாலும் ரயில்வே போலீஸ் கை.

செண்பகம் அவர்களைப் பார்க்கவில்லை. விருத்தாசலம் இவ்வளவு நேரம் முதுகால் மறைத்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"எஸ்.ஐ. சார். ஜன்னலைப் பாருங்க."

மேலிருந்து கீழ்வரை கரியாகிப் போன சுவர். அதன் நடுவில் திறந்து கிடந்த ஜன்னல் கதவு மட்டும் பளிச்சென்று நீல வண்ணத்தில் இருந்தது. நேற்று பூசியது மாதிரி.

எஸ்.ஐ. சாம்பலை மிதித்துக்கொண்டு போனார். கதவைப் பிடித்து இழுத்துச் சாத்தினார். சுவரைப் பார்த்திருந்த பக்கம் இப்போது வெளியே திரும்பியது. அது முழுக்கக் கரி. கைவைத்த இடம் பொடிந்து உதிர்ந்தது.

"தொறந்திருந்தா நீலம் எரிஞ்சிருக்கணும்," என்றார் துரைக்கண்ணு, மூச்சு வாங்க. "எரிஞ்சது மறுபக்கம். தீப் புடிச்ச நேரத்துல இந்தக் கதவு சாத்தியிருந்திச்சி சார். எல்லாம் அடங்கினப்புறம்தான் தொறந்திருக்காங்க. மொதல்ல உள்ள போன ஆளு யாருன்னு அவரே சொன்னாரு."

எஸ்.ஐ. கரி பட்ட கையைப் பார்த்தார். பிறகு விருத்தாசலத்தைப் பார்த்தார். எஸ்.ஐ.யின் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"அவளுக்குக் கிறுக்கு சார்! நான் ஒண்ணும்..."

"நான் சொல்றேன்," என்றாள் கிருஷ்ணவேணி.

அவளுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. இரண்டு நாளாகக் கத்திய தொண்டை.

"ஜாக்கெட்டைப் பத்திக் கேக்கத்தான் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஆளு இல்ல. வத்தி தனியா எரிஞ்சிக்கினு இருந்திச்சி. ஜன்னல் சாத்தித்தான் இருந்திச்சி. அணைச்சிட்டு வெளிய வந்தேன். சார்ப்புக்குப் பின்னால இவரு சீமெண்ணெ டின்னோட நின்னாரு. இன்னாங்கன்னு கேட்டேன். கரையானுக்கு ஊத்தறேன்னாரு." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அதுவரை 'ங்க' போட்டுப் பேசிய வாய் மாறிவிட்டது. "கரையானுக்குன்னுதானே சொன்னே? நம்ம மாப்புள்ளைக்குக் கடை வெக்க இந்த எடம் வோணும்னா, பொங்கல் வரைக்கும் இவ இங்க இருக்கட்டும்னு நீ வாக்கு குடுத்திருக்கக் கூடாது. குடுத்துட்டு அவ பொழப்புல நெருப்பை வெச்சே. பழியை அந்த வத்தி மேல போட்டே. நான் என் கையால அணைச்ச வத்தி மேல."

"தெரிஞ்சிக்கினேதானே எங்களையெல்லாம் சேத்துக்கினு அவளைத் திட்டுனே?" மதிலிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஆமா! நான் வாய மூடுனா உண்மை வந்துடும்னு கத்தனேன். நீங்கல்லாம் எதுக்குடி கத்துனீங்க?"

மதில் மேலிருந்த தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

எஸ்.ஐ. விருத்தாசலத்தின் தோளிலிருந்த துண்டைப் பிடித்தார். "வாய்யா. கம்ப்ளெயிண்ட் குடுக்கணும்னியே. ஸ்டேஷன்ல வந்து விவரமா குடு." போகிற போக்கில் துரைக்கண்ணுவிடம் நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று செண்பகம் நினைத்தாள். "அந்த வத்தியையும் தட்டையும் அலுங்காம ஸ்டேஷனுக்குக் கொண்டாங்க ஏட்டையா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"நான் சொன்னேன்ல, வத்தியை அணைச்ச ஆளுகிட்டதான் விஷயம் இருக்குதுன்னு," என்றார் துரைக்கண்ணு.

"அணைச்ச ஆளுதான் கொளுத்துனதுன்னு சொன்னீங்க."

"ரெண்டும் ஒரே வூடுதானே?"

செண்பகம் சவுரியம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவுரியம்மாள் கையில் இன்னும் அந்த மூட்டை இருந்தது. அதைக் கீழே வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்ப நான் இல்லையா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. "மாதா வத்தி இல்லையா?"

"இல்லக்கா," என்றாள் செண்பகம்.

மூட்டை கீழே விழுந்தது. சவுரியம்மாள் கருகிய மிஷின் பக்கம் போய், அதன் இரும்புச் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் பக்கத்தில் போகவில்லை.

கிருஷ்ணவேணி கொட்டிக் கிடந்த பானைகளில் ஒன்றை எடுத்து அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். "பொங்கல் வரைக்கும் இரு," என்றாள், சவுரியம்மாளின் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கப்புறமும் இரு. என்கிட்ட பேச மட்டும் வராத."

சவுரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "நான் எதுக்கு உன்கிட்ட பேசறேன்? ரெண்டு நாளு என்னைத் தெருவுல நிக்க வெச்சவகிட்ட எனக்கு இன்னா பேச்சு?" மூட்டையைப் பிரித்து உள்ளேயிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து அவள் மேல் வீசினாள். "உன்னோட இன்னொரு ஜாக்கெட்டு. கையைத் தளத்தி வெச்சி முந்தாநாளே முடிச்சிட்டேன். அறையில மாட்டியிருந்ததால தப்பிச்சிது. எடுத்துக்கினு போ."

கிருஷ்ணவேணி ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த பானையைத் தூக்கினாள்.

சவுரியம்மாள் குண்டான் மறைவில் இருந்த புது மெழுகுவர்த்தியை எடுத்தாள். மெழுகு இன்னும் இளகியிருந்தது. அதில் ஒட்டியிருந்த கனகாம்பரத்தை நகத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

"பூவைப் போட்டுக் கெடுத்து வெச்சிருக்கா பாரு," என்றாள் சத்தமாக. "இது உள்ளயே கெடந்தா அடுத்த தடவ ஏத்தறப்ப பூவும் சேந்து பத்திக்கும். டம்ளரைக் கவுக்கணும்னு தெரியாது?"

"அணைச்சதுக்கு இதான் மரியாதையா?" அறைக்குள்ளிருந்து கிருஷ்ணவேணி கத்தினாள்.

"தெரியலேன்னா கேட்டுக்கணும்!"

"உன்கிட்டயா? வேற வேலை இல்ல எனக்கு!"

சவுரியம்மாள் அறைக்குள் போய்க் கத்தரிக்கோலால் திரியின் கருப்பு நுனியைக் கிள்ளி எறிந்தாள். மெழுகுவர்த்தியை மாதாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, எஸ்.ஐ. சாத்திவிட்டுப் போன அந்தக் கருகிய ஜன்னல் கதவை இறுக இழுத்துக் கொண்டி போட்டாள்.